கஞ்சி போட்ட வலது கை

சட்டையின் காலரை இரண்டு விரலால் மடக்கிப் பார்த்த அதிகாரியம்மா தலையை ஆட்டினாள். அது சரி என்கிற ஆட்டம் இல்லை. போன வாரம் நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற இடம் அதுதான்.

இந்த வாரம்தான் வந்து சேர்ந்தவர்களுக்கு நாலு வரி சொல்லிவிடுகிறேன். நம் கதாநாயகிக்கு வயது அறுபத்து நாலு. முப்பத்தைந்து வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கித் தபால் கொடுத்து ஓய்வு பெற்றவள். தெருவில் இன்னும் போஸ்டம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் மகளை ஜூடோ வகுப்பில் சேர்த்துவிடப் போனாள். மகள் இரண்டாம் வாரமே வயிற்றுவலி என்று கவிழ்ந்து படுத்துக்கொண்டாள். அம்மா மட்டும் இன்றுவரை போய்க்கொண்டிருக்கிறாள்.

இப்போது பல நாட்டு மூத்தவர்கள் மோதும் சர்வதேசப் போட்டிக்கு வந்திருக்கிறாள். கூடவே கணவரும் மகளும். கணவர் லாண்டரிக்காரர். மகள் பல் செட்டு செய்கிறவள். நாலு பாஷையை அரைகுறையாகப் பேசிச் சமாளிப்பாள்.

போஸ்டம்மா இத்தனை தூரம் வந்தது ரொட்டிக்காரிக்காக. அவள் வேறு நாட்டுக்காரி, சொந்தமாக ரொட்டிக்கடை வைத்திருப்பவள். மாவு பிசைந்து பிசைந்து விரல்கள் குறடாகிவிட்டன. போன வருஷம் இந்த வயதுப் பிரிவுக்கு வந்ததிலிருந்து மூன்று போட்டியிலும் போஸ்டம்மாவை மண்ணைக் கவ்வ வைத்திருக்கிறாள். மூன்று தடவையும் ஒரே கதைதான்: வலது கைத்துணியையும் காலரையும் பிடிப்பாள், பிடித்தால் விடமாட்டாள்.

இவர்கள் இருக்கும் பிரிவு அறுபதிலிருந்து அறுபத்து நாலு வரை. அடுத்த வருஷம் போஸ்டம்மாவுக்கு அறுபத்தைந்து. மேல் பிரிவுக்குப் போயாக வேண்டும். ரொட்டிக்காரிக்கு அறுபத்தொன்றுதான் ஆகிறது. ஆக, கணக்குத் தீர்க்க இன்றைய அரையிறுதியை விட்டால் வேறு நாள் இல்லை. அதற்கு இருபது நிமிஷம் இருக்கும்போதுதான் உடை பரிசோதிக்கும் மேஜையில் இந்தத் தலையாட்டல்.

அதிகாரியம்மா சட்டையின் இடது கையைத் தூக்கிப் பிடித்து விட்டாள். அது தொப்பென்று விழுந்தது. வலது கையைத் தூக்கி விட்டாள். அது விழவில்லை. யாருக்கோ வழிகாட்டுவது போல நீட்டிக்கொண்டு நின்றது.

"என்னடி சொல்றாங்க?" என்றாள் போஸ்டம்மா.

"வலது கையும் காலரும் பலகை மாதிரி இருக்காம். எதிராளிக்குப் பிடி கிடைக்கக்கூடாதுன்னு வேணும்னே பண்ணினதான்னு கேக்கறாங்க."

"வேணும்னேவா? காலைல இஸ்திரி போட்டு வந்த சட்டை. உங்கப்பாதான்..." பாதியில் நிறுத்தினாள். மெதுவாகத் திரும்பினாள்.

லாண்டரிக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

ஊருக்குப் போனாலும் அவர் பையில் ஒரு பொட்டலம் கஞ்சிப் பவுடர் இருக்கும். விடியற்காலையில் எழுந்து, ஹோட்டல் அறைக் கெட்டிலில் வெந்நீர் வைத்து, குழந்தைக்கு மருந்து கலக்குகிற கவனத்தோடு கலக்கி, காலருக்கும் வலது கைக்கும் மட்டும் மூன்று பூச்சு பூசியிருந்தார். எதற்கு? மகள் ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள், ரொட்டிக்காரி பிடிக்கிற இடம் எப்போதும் இந்த இரண்டும்தான் என்று. பிடிக்கிற இடம் பிடிபடாமல் இருந்தால்? நாற்பது வருஷம் துணியோடு புழங்கியவருக்கு அதற்கு மேல் யோசிக்கத் தேவை இருக்கவில்லை. ஜூடோவில் துணி எப்படி இருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கும் என்பது மட்டும் அவர் புத்திக்கு எட்டவில்லை.

ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. ஹோட்டல் லாண்டரியில் கொடுத்தோம், அவர்கள் குளறுபடி செய்துவிட்டார்கள். யாரும் நம்பிவிடுவார்கள். ஆனால் தான் கெடுத்த துணிக்கு அடுத்த லாண்டரிக்காரனைக் கைகாட்டிய பழக்கம் அவருக்கு இல்லை.

"நான்தான் போட்டேன்" என்றார். "அவளுக்கு ஒண்ணும் தெரியாது. அதை நல்லா புரியற மாதிரி சொல்லும்மா."

மகள் சொன்னாள். கையையும் ஆட்டிச் சொன்னாள். அதிகாரியம்மா இன்னொரு அதிகாரியைக் கூப்பிட்டு, இரண்டு பேரும் அந்தக் கையை ஆளுக்கொரு தடவை தட்டிப் பார்த்தார்கள். கதவைத் தட்டிய சத்தம் வந்தது. வந்த சிரிப்பை இரண்டாமவர் இருமலாக்கி விழுங்கினார்.

தீர்ப்பு வந்தது. இன்னும் ஆட்ட மெத்தையில், அதாவது மேட்டில், கால் வைக்கவில்லை என்பதால் தண்டனை இல்லை. பத்து நிமிஷத்துக்குள் வேறு சட்டை போட்டு வர வேண்டும். அவர்கள் கைவசம் மாற்றுச் சட்டை உண்டு. ஆனால் ஒரு ஆளுக்கு ஒரே ஒரு தடவைதான்.

போஸ்டம்மா கணவரை நடைபாதை ஓரமாக அழைத்துப் போனாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"மூணு தடவை அவகிட்ட தோத்தேன். ஒரு தடவையாவது சட்டையால தோத்தேன்னு சொன்னேனா?"

"இல்ல."

"அப்போ சட்டையால ஜெயிக்கணும்னு ஏன் நெனச்சீங்க? என்மேல அவ்வளவுதான் நம்பிக்கையா?"

"உன்மேல நம்பிக்கை இல்லாம இல்ல. அவ பிடிய நெனச்சாத்தான் பயம்."

"நீங்க எங்க பார்த்தீங்க அவ பிடிய?"

உண்மைதான், பார்த்ததில்லை. பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால், அவளுடைய முதல் போட்டியில், அவள் முதுகு தரையில் விழுந்த சத்தத்தைக் கேட்டு வெளியே ஓடியவர்தான். வாசல் படியில் உட்கார்ந்து குடித்த தண்ணீரையெல்லாம் வாந்தி எடுத்தார். அதற்கப்புறம் எந்த ஊர் போட்டியானாலும் பைகளைக் காவல் காத்துக்கொண்டு வெளியேதான் இருப்பார். ஆட்டம் எப்படிப் போனது என்று சட்டையைத் தோய்க்கும்போது தெரிந்துகொள்வார். காலர் தையல் விட்டிருந்தால் இழுபறி. முதுகுப் பக்கம் அழுக்கென்றால் தோல்வி. முழங்கை மட்டும் தேய்ந்திருந்தால் நன்றாகத் தாக்குப்பிடித்திருக்கிறாள். எதையும் கேட்க மாட்டார், அவளும் சொல்ல மாட்டாள். இப்படியே பதின்மூன்று வருஷம் ஓடிவிட்டது.

"அப்பா, மாஸ்டர் நாலாவது மேட்டுல ஆடறார்" என்று ஓடி வந்தாள் மகள். மாஸ்டர் என்றால் பயிற்சி கொடுப்பவர். அவரும் ஐம்பத்தெட்டு வயதில் போட்டிக்கு வந்திருப்பவர். "அம்மா ஆட்டமும் அதே நேரம். நாற்காலில நான் உக்காந்துக்கறேன்."

ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் மேட் ஓரத்தில் ஒரு நாற்காலி உண்டு. பயிற்சியாளர் உட்கார்வதற்கு.

"நீ மேல போய் வீடியோ எடு" என்றாள் போஸ்டம்மா. "உங்கப்பா உக்காரட்டும்."

"நானா?"

"அதுதான் உங்களுக்குத் தண்டனை. வேணும்னா கண்ணை மூடிக்குங்க. ஆனா என் பக்கத்து நாற்காலி காலியா இருக்கக்கூடாது."

மாற்றுச் சட்டைப் பெட்டியில் வெள்ளை நிறத்தில் மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. யாரோ ஆறடி ஆளுக்குத் தைத்தது. போஸ்டம்மா அதைப் போட்டுக்கொண்டு வந்தபோது லாண்டரிக்காரர் அதன் கையைத் தூக்கிப் பார்த்தார். தொளதொளவென்று தொங்குகிறது. அந்தக் கைக்குள் இன்னொரு கை நுழையும். பிடியே கிடைக்கக்கூடாது என்று அவர் பாடுபட்டார். இப்போது ரொட்டிக்காரிக்கு அள்ளி அள்ளிப் பிடிக்கத் துணியைத் தாராளமாகக் கொடுத்தாகிவிட்டது.

"இதுக்கு நான் சும்மாவே இருந்திருக்கலாம்" என்றார்.

"அது இப்பதான் தெரியுதா?" என்றபடி மகள் படியேறிப் போனாள்.

அவர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் அந்தக் கூடத்தை முதல்முறையாகப் பார்த்தார்.

அப்பாடி! ஆறு மேட், ஒவ்வொன்றும் ஒரு வீட்டு மனை அளவு. அதைச் சுற்றிலும் நரைத்த தலைகள். இத்தனை நரையை ஒரே கூரையின் கீழ் அவர் ஆஸ்பத்திரியில்தான் பார்த்திருக்கிறார். ஆனால் இங்கே ஒருவரும் உட்கார்ந்து முனகவில்லை. ஒருத்தர் ஒற்றைக் காலில் துள்ளுகிறார். ஒரு அம்மாள், நிச்சயம் எழுபதைத் தாண்டியவள், தன் பேரன் வயதுக்காரனைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு உடம்பைச் சூடேற்றுகிறாள்.

பக்கத்து மேட்டில் எண்பது வயது சொல்லலாம், அப்படி ஒரு பெரியவர் ஏறப்போனார். முதலில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் தன் நாற்காலிக்காரரிடம் கொடுத்தார். பிறகு காதுக் கருவி. கடைசியாகப் பல் செட்டைக் கழற்றி ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தார். கண், காது, பல் எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டு, மிச்சமிருந்த ஆளாக அவர் மேட்டுக்கு வணக்கம் வைத்து ஏறினார். லாண்டரிக்காரருக்கு மயிர்க்கூச்செறிந்தது. உயிரோடு இருப்பது என்றால் என்ன என்று யாராவது அவரைக் கேட்டிருந்தால், அந்த நிமிஷம் அந்தப் பொக்கை வாயைக் கைகாட்டியிருப்பார்.

"அப்பா, அந்தத் தாத்தாவோட பல் செட்டு வேலை சரியில்ல. கீழ் வரிசை கோணல்!" என்று மேலேயிருந்து மகள் கத்தினாள். அவளுக்கு எங்கே போனாலும் தொழில்தான்.

போஸ்டம்மா மேட் ஓரத்தில் நின்றபடி இடது பாதத்தைத் தரையோடு தரையாகப் பக்கவாட்டில் வழித்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவை, இன்னொரு தடவை. அந்த அசைவு அவருக்கு நன்றாகத் தெரிந்ததுதான். லாண்டரியின் பின்பக்கம் ஈரத் தரையில் சோப்புக் கட்டியை அவள் இப்படித்தான் உள்ளங்காலால் தள்ளுவாள். இந்தக் கோடிச் சுவரிலிருந்து அந்தக் கோடிச் சுவருக்கு அது சர்ரென்று போகும். இந்த வயதில் என்ன விளையாட்டு, சோப்பு கரைகிறது பார் என்று அவர் எத்தனையோ நாள் சிடுசிடுத்திருக்கிறார்.

அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். அவர் பழக்கதோஷத்தில் அதைத் தன் சட்டை நுனியால் துடைத்தார்.

"ஆட்டம் ஓடும்போது நீங்க பேசக்கூடாது. நடுவர் நிறுத்தினா மட்டும்தான் பேசலாம்" என்றாள்.

"எனக்கு என்ன தெரியும், பேச?"

"அப்போ இன்னும் நல்லது."

அவள் ஏறினாள். எதிரே நீலச் சட்டையில் ரொட்டிக்காரி. குள்ளம்தான். ஆனால் நிலைக்கதவு மாதிரி உடம்பு, வட்ட முகம், சிரிக்கிற கண். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் குனிந்து வணங்கினார்கள். இந்த வயதுக்காரர்களுக்கு ஆட்டம் இரண்டரை நிமிஷம். எதிராளியின் முதுகு தரையில் முழுசாகப் பட வேகமாக எறிந்தால் முழுப் புள்ளி, இப்போன் என்பார்கள். ஆட்டம் அந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

நடுவர் கையைக் காட்டினார். லாண்டரிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

காது மூடவில்லையே. பாதங்கள் வழுக்கும் சத்தம், துணி இழுபடும் சத்தம், இரண்டு பெண்கள் மூச்சு வாங்கும் சத்தம். பிறகு தொம்மென்று ஒன்று. பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் அவரைப் படியிறக்கிய அதே சத்தம். எழுந்து ஓடுவதற்குக் கால் தயாராகிவிட்டது.

அந்த நேரம் கையில் மூக்குக்கண்ணாடி உறுத்தியது. கண்ணையே கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள் அவள். இவர் தன் கண்ணை மூடிக்கொண்டு என்ன செய்கிறார்?

திறந்தார்.

போஸ்டம்மா பக்கவாட்டில் விழுந்திருந்தாள். முதுகு படவில்லை, புள்ளி இல்லை. ஆனால் ரொட்டிக்காரி அவளை மல்லாக்கப் புரட்டிக் குறுக்கே கவிழ்ந்து, மாவு மூட்டை மாதிரி அழுத்திப் படுத்துவிட்டாள். பலகையில் விநாடி ஓட ஆரம்பித்தது. எதிராளியை மல்லாக்க இருபது விநாடி அமுக்கி வைத்தாலும் முழுப் புள்ளிதான்.

ஐந்து. ஆறு.

போஸ்டம்மாவின் முகம் அவர் பக்கம் இருந்தது. சிவந்து, நசுங்கி, நரைமுடி நெற்றியில் ஒட்டி. அவர் அந்த முகத்தை முப்பத்து மூன்று வருஷமாகப் பார்க்கிறார். காய்ச்சலில், பிரசவத்தில், சிரிப்பில், மாமியார் போன அன்று. இந்த முகத்தை மட்டும் பார்த்ததில்லை. அதில் வலி இருந்தது, ஆனால் பயம் என்பது பேருக்குக்கூட இல்லை. பூட்டிய வீட்டுக்கு முன்னால் நின்று தபாலை எந்த இடுக்கில் செருகலாம் என்று பார்க்கிற ஆள் மாதிரி, அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

பதினொன்று. பன்னிரண்டு.

"அம்மா! இடுப்பு! இடுப்பத் திருப்பு!" என்று மேலேயிருந்து மகள் தொண்டை கிழியக் கத்தினாள். இரண்டே வாரம் படித்த படிப்பு எங்கேயோ ஒளிந்திருந்து இன்றைக்கு வெளியே வந்தது.

பதினைந்து. போஸ்டம்மாவின் முழங்கை ஒரு இடுக்கில் நுழைந்தது. பதினாறு. இடுப்பு உருண்டது. பதினேழில் அவள் குப்புறப் புரண்டுவிட்டாள். நடுவர் கையை வீசி அமுக்கல் விட்டுப்போனதைக் காட்டினார்.

லாண்டரிக்காரர் தன் மூச்சை அப்போதுதான் விட்டார். கன்னமெல்லாம் ஈரம். எப்போது அழுதார் என்று அவருக்கே தெரியாது.

ஆனால் பதினேழு விநாடிக்கும் விலை உண்டு. ரொட்டிக்காரிக்கு அரைப் புள்ளி. நேரம் இன்னும் முப்பத்தைந்து விநாடி. நடுவர் இருவரையும் எழுப்பி, உடையைச் சரிசெய்யச் சொன்னார். போஸ்டம்மா பெல்ட்டை அவிழ்த்துக் கட்டிக்கொண்டே அவரைப் பார்த்தாள். இப்போது அவர் பேசலாம்.

அவருக்கு ஜூடோ தெரியாது. துணி தெரியும். கண் திறந்த நேரத்திலிருந்து, குப்புறப் புரண்டவளை மறுபடி திருப்ப ரொட்டிக்காரி இழுத்தபோதும், அவர் துணியைத்தான் பார்த்திருந்தார்.

"அவ இழுக்கறப்போ சட்டைதான் போகுது" என்றார். "முதல்ல துணி போகுது. நீ அப்புறம்தான் போற. நடுவுல ஒரு சாண் தொளதொளப்பு இருக்கு. அந்த நேரத்துல அவ கையில நீ இல்ல, வெறும் துணிதான் இருக்கு."

அவள் பெல்ட் முடிச்சை இறுக்கிவிட்டுத் திரும்பிப் போனாள்.

ரொட்டிக்காரி அரைப் புள்ளியை வைத்துக்கொண்டு நேரத்தை ஓட்டுகிறவள் இல்லை. வந்த வேகத்தில் அந்த வலது கையை ஒரு பிடி அள்ளினாள். காலரையும் பிடித்தாள். மூன்று தடவையும் இங்கேதான் கதை முடிந்தது. இருபது விநாடி. பதினெட்டு.

அவள் இழுத்தாள். முழு பலத்தோடு இழுத்தாள்.

துணி போனது. கை நீளத்துக்குச் சரசரவென்று போனது. ஆள் போகவில்லை. கனமான பெட்டி என்று நினைத்துக் காலிப் பெட்டியைத் தூக்கியவள் மாதிரி ரொட்டிக்காரி அரை நொடி தடுமாறினாள். சமாளிக்க ஒரு காலை எடுத்து முன்னால் வைக்கப்போனாள்.

அந்தக் கால் தரையைத் தொட்டது. கனம் இன்னும் அதில் இறங்கவில்லை. தொட்டதற்கும் இறங்குவதற்கும் நடுவில் இருந்த அந்தத் துளி நேரத்தில், போஸ்டம்மாவின் இடது பாதம் தரையோடு தரையாக வந்தது. உதைக்கவில்லை. தள்ளினாள், அவ்வளவுதான். ஈரத் தரையில் சோப்புக் கட்டி போவது போல ரொட்டிக்காரியின் கால் சர்ரென்று போனது. கால் போன பக்கமே இன்னொரு காலும் போனது. அந்த நிலைக்கதவு உடம்பு முழுசும் ஒரு கணம் தரையில் எங்கேயும் படாமல், காற்றில் படுத்த மாதிரி நின்றது.

பிறகு முதுகு முழுசாகத் தரையில் இறங்கியது.

நடுவர் கையை வானத்துக்குத் தூக்கினார்.

பக்கத்து மேட் ஓரத்தில் இருந்தவர்கள்கூட எழுந்து கை தட்டினார்கள். பொக்கை வாய்ப் பெரியவர் தன் ஆட்டத்தை முடித்துவிட்டு நின்றிருந்தார். பல் செட்டை மாட்ட மறந்து அப்படியே சிரித்தார். மேலே மகள் வீடியோவை மறந்து போனையும் சேர்த்து ஆட்டிக்கொண்டிருந்தாள்.

லாண்டரிக்காரர் தட்டவில்லை. கையில் மூக்குக்கண்ணாடி இருந்தது. அவர் அசையாமல் உட்கார்ந்து, தன்னோடு சோறு தின்று, தன்னோடு சண்டை போட்டு, தினமும் கதவைப் பூட்டினாயா என்று கேட்கிற ஒருத்தியைப் பார்த்தார். இத்தனை நாள் இவளோடா இருந்தேன் என்று தோன்றியது. சோப்பு கரைகிறது என்று இவளையா திட்டினேன் என்றும் தோன்றியது. ஒரு மலை தன் வீட்டுப் பின்பக்கமே இருந்திருக்கிறது. அவர் அதன் நிழலில் துணி உலர்த்தியிருக்கிறார். மேலே நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

ரொட்டிக்காரி தரையில் கிடந்தபடி கூரையைப் பார்த்துச் சிரித்தாள். எழுந்தாள், குனிந்து வணங்கினாள், நேராக வந்து போஸ்டம்மாவைக் கட்டிக்கொண்டாள். அந்தத் தொளதொள கையை இழுத்துக் காட்டித் தலையிலடித்துக்கொண்டாள். பிறகு நான்கு விரலை நீட்டினாள்.

போஸ்டம்மாவுக்குப் பாஷை புரியாது, விரல் புரிந்தது. இன்னும் நாலு வருஷம். அவளுக்கும் அறுபத்தைந்து ஆகும். மேல் பிரிவுக்கு வருவாள். நீ அங்கே இரு.

போஸ்டம்மா தானும் நான்கு விரலை நீட்டினாள். அறுபத்தெட்டு வயதில் ஆட இப்போதே வாக்குக் கொடுத்தாயிற்று.

மேட்டை விட்டு இறங்கிக் கணவரிடம் வந்தாள். கையை நீட்டினாள். அவர் கண்ணாடியைக் கொடுத்தார். மாட்டிக்கொண்டு அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"பார்த்தீங்களா?"

"பார்த்தேன்." அப்புறம், "நீ... என்னம்மா நீ!" என்று மட்டும் சொன்னார்.

"அந்தத் தொளதொளப்பு சட்டை போட்டப்பவே எனக்குத் தெரியும். நீங்க சொல்லித்தான்னு ஊர்ல போய்ச் சொல்லிக்காதீங்க."

"சொல்ல மாட்டேன்."

"ஒரு நாலு பேருகிட்ட வேணும்னா சொல்லிக்குங்க." பக்கத்தில் உட்கார இடமில்லாததால் தரையிலேயே அவர் காலடியில் உட்கார்ந்து, ஈரத் தலையை அவர் முழங்காலில் சாய்த்துக்கொண்டாள். இத்தனை பேர் நடுவில் அவள் அப்படிச் செய்பவள் இல்லை. அவர் அசையாமல் இருந்தார்.

மகள் படிகளில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கி வந்தாள். மூச்சு வாங்கியது, முகத்தில் பல்லெல்லாம் தெரிந்தது.

"அம்மா! ஃபைனல்! நாப்பது நிமிஷத்துல. பட்டியல்ல உன் பேரு ரெண்டாவது. அதனால நீலச் சட்டை போட்டுக்கணுமாம்."

"நல்லதாப் போச்சு. இந்தச் சாக்கைத் திருப்பிக் கொடுத்துடலாம். என் நீலம் எங்க?"

"அப்பா பையில."

இரண்டு பேரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க?" என்றாள் போஸ்டம்மா. "அதுக்குமா?"

"அதுக்கும்தான்" என்றார் லாண்டரிக்காரர். "அதுக்கு நாலு பூச்சு."

மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். மாற்றுச் சட்டை ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான் என்று அவள்தானே மொழிபெயர்த்தாள். போஸ்டம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை.

"போங்க. போய் அலசிக் காயவச்சு எடுத்துட்டு வாங்க" என்றாள். "ஈரமா இருந்தாலும் சட்டை பார்க்கற அந்தம்மா விடமாட்டாங்க. இன்னொண்ணு. ஃபைனல்லயும் நாற்காலில நீங்கதான். நாற்காலி காலியா இருந்தா நான் ஏறமாட்டேன்."

"மாஸ்டர் இருக்காரேம்மா" என்றாள் மகள்.

"மாஸ்டர் வேணாம். உங்கப்பா பார்க்கணும்."

அவர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். கழிவறையில் வெந்நீர்க் குழாய் ஒன்று, கை உலர்த்தும் கருவி ஒன்று. குழாயைத் திறந்துவிட்டு நீலச் சட்டையின் கையைத் தண்ணீருக்குள் அமுக்கினார். கஞ்சி வெள்ளையாகக் கரைந்து ஓடியது. பதின்மூன்று வருஷம் அவர் பார்க்காமல் இருப்பதற்காகத் துவைத்தார். இன்று முதல்முறையாக, பார்த்துவிட வேண்டுமே என்று துவைத்தார்.

சுவரில் இருந்த கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். முப்பத்தெட்டு நிமிஷம் இருந்தது. அந்தத் தடிமனான காலர் காய, எப்படித் தலைகீழாக நின்றாலும், ஐம்பது நிமிஷம் ஆகும்.